பதினோராம் கட்டம்: வீரச்செயல்

எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை முதலில் வரிசைப்படி சொல்லிவிடுகிறேன். வரிசை முக்கியம். நாற்பது வருடப் போராட்டத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே சட்ட நுணுக்கம் அதுதான்: தேதி மாறினால் வழக்கு மாறும், வழக்கு மாறினால் வக்கீல் மாறிவிடுவார்.

முதலாவது. எங்கள் மண்டலத்தின் முதல் காவல் தலைவர் குதிரைப்படையில் வளர்ந்து வந்தவர். குதிரைக்காரர் என்போம். மண்டலத்தில் குதிரை கிடையாது. அவருடைய அனுபவம் வீணாகக் கூடாதென்று லாயம் கட்டினார்கள். லாயம் காலியாக இருக்கக் கூடாதென்று இரண்டு குதிரைகளை வரவழைத்தார்கள். குதிரைகள் தாகத்தோடு இருக்கக் கூடாதென்று எங்கள் தெருக் குழாயை அந்தப் பக்கம் திருப்பினார்கள். 'குதிரை குடித்த மிச்சமாவது கொடு' என்று துண்டறிக்கை அடித்தேன். நான்கு நாள் உள்ளே.

இரண்டாவது. அடுத்து வந்தவர் மருமகன். அதுதான் அவருடைய கல்வித் தகுதி, பணி அனுபவம், சிறப்புப் பயிற்சி எல்லாம். யாருடைய மருமகன் என்று பொது இடத்தில் கேட்கக் கூடாது. கேட்டேன். ஒன்பது நாள்.

மூன்றாவது. முனைவர். கூட்டங்களைப் பற்றி ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். கூட்டம் என்பது எண்ணிக்கை அல்ல, மனநிலை என்பது அவருடைய ஆய்வு முடிவு. நிறுத்தப்பட்ட பேருந்தைத் திரும்ப விடக் கோரி, குடையோடு தன்னந்தனியாக நிறுத்தத்தில் நின்ற என்னைச் சட்டவிரோதமாகக் கூடியதாகக் கைது செய்தார். "மற்றவர்கள் எங்கே?" என்று நீதிபதி கேட்டார். "தப்பி ஓடிவிட்டார்கள்" என்றது காவல்துறை.

நான்காவது. கவிஞர். என் துண்டறிக்கையைப் பறிமுதல் செய்து, சந்தம் இடிக்கிறது என்று சிவப்பு மையில் திருத்தி, இரண்டு வரி சேர்த்து, அந்தப் பிரதியையே எனக்கெதிரான ஆவணமாகத் தாக்கல் செய்தார். அதில் அரசுக்கு எதிரானவை என்று நீதிமன்றம் கண்டுபிடித்தது அவர் சேர்த்த இரண்டு வரிகளைத்தான். தண்டனை எனக்கு.

ஐந்தாவது. ஓட்டக்காரர். இளமையில் பதக்கம் வாங்கியவர். வண்டியில் போனால் உடம்பு கெடும் என்று கைதிகளையும் காவலர்களையும் நீதிமன்றம் வரை ஓடவைத்தே அழைத்துப் போனார். என் இடது முழங்கால் இன்றும் அவரை நினைவுகூர்கிறது.

ஆறாவது. புன்னகை. வெளிநாட்டுப் பயிற்சி பெற்றவர். சிரித்த முகத்தோடுதான் கைது செய்ய வேண்டும் என்று ஆணையிட்டார். நடு முதுகில் லத்தியை வைத்துக்கொண்டு பல்லைக் காட்டினார்கள். வெளியே விடும்போது ஒரு படிவம் தந்தார்கள்: 'உங்கள் கைது அனுபவம் எப்படி இருந்தது?' ஐந்து முகங்கள் வரைந்திருந்தார்கள். அழுகிற முகத்தில் கோடு போட்டேன். காவல்துறையை இழிவுபடுத்தியதாக இன்னும் இரண்டு நாள்.

இந்த ஆறு வழக்குகளிலும் எனக்கென்று ஒரு வெற்றி உண்டு. நீதிமன்றத்தில் பெயரை வாசிக்கும்போது மற்றவர்கள் முனகுவார்கள். நான் எழுந்து நின்று "இருக்கிறேன்!" என்பேன். ஜன்னல் கண்ணாடி அதிரும். தெருக்கூட்டத்தில் என் பெயரைச் சொன்னாலும் அதே பதில்தான். தையற்காரர், முடிதிருத்துபவர், பூட்டுக் கடைக்காரர், சைக்கிள் கடைக்காரர் என்று கேட்டவர்கள் எல்லாம் கை தட்டுவார்கள். தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் உள்ளே போவேன்.

ஏழாவதாக இப்போது இருப்பவர் படக்காரர். எதைச் செய்தாலும் பக்கத்தில் கேமரா ஓட வேண்டும். கேமரா ஓடவில்லை என்றால் அது நடக்கவில்லை என்பது அவர் கொள்கை. அவர் எனக்கு ஒரு அநீதியும் செய்திருக்கவில்லை. முழங்கால் வலியால் நான்தான் வீட்டோடு இருந்துவிட்டேன். அந்தக் குறையை அவர் தீர்த்துவைத்த கதைதான் இது.

என் மகள் மருந்தாளுநர் படிப்பை முதல் வகுப்பில் முடித்தவள். அரசு மருத்துவமனையில் வேலைக்கு இரண்டு முறை தேர்வானாள். இரண்டு முறையும் மண்டலக் காவல் அலுவலகம் தரவேண்டிய நன்னடத்தைச் சான்று வரவில்லை. விண்ணப்பத்தில் அவள் நடத்தையைப் பற்றி ஒரு வரிதான் கேட்டிருந்தார்கள். தகப்பன் நடத்தையைப் பற்றி இரண்டு பக்கம். என் ஆறு வழக்குகளும் முடிந்து வருடக் கணக்காகிறது. ஆனால் பதிவேட்டில் நிலுவை என்றே இருக்கிறது. வழக்கைத் தொடங்கிய அதிகாரியே முடித்தும் வைக்க வேண்டுமாம். தொடங்கியவர்கள் எல்லாம் பதவி உயர்ந்து போய்விட்டார்கள்.

இப்போது மூன்றாம் முறை. இருபத்தெட்டாம் தேதி மதியம் பன்னிரண்டு மணிக்குள் சான்றைக் கொடுக்காவிட்டால் வேலை பட்டியலில் அடுத்தவருக்கு. வயது வரம்பு முடிவதால் நாலாம் முறை கிடையாது.

"அப்பா, போராட வேணாம்னு சொல்லல. இந்த மாசம் மட்டும் வேணாம்" என்றாள்.

"நான் எங்கம்மா போராடுறேன்? மாடிப்படி ஏறவே முடியல."

"நேத்து மின்வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதினீங்க."

"அது வெறும் எச்சரிக்கை."

அந்த நேரத்தில்தான் தலைமை எழுத்தர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். மண்டல அலுவலகத்தில் ஏழு தலைவர்களிடமும் வேலை பார்த்த ஒரே மனிதர். ஒவ்வொரு தலைவரும் போகும்போது தன் பழக்கத்தை அவர் உடம்பில் விட்டுப் போயிருந்தார். கவிஞர் காலத்து எதுகை நாக்கில் ஒட்டியிருந்தது. ஓட்டக்காரர் காலத்துக் காலணி காலில் இருந்தது. புன்னகையிடம் பெற்ற பயிற்சியால் துக்கம் விசாரிக்கப் போனாலும் சிரிப்பார். முன்பு ஆறு முறை என் வீட்டு வாசலில் நின்று கைது ஆணையை வாசித்தவர். இம்முறை கையில் பழப்பை.

"அண்ணே, உங்ககிட்ட ஒரு உதவி."

"உதவியா? ஆணை இல்லையா?"

"ஆணை எங்களுக்கு அண்ணே." சிரித்தபடியே பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். 'மண்டலக் காவல் தலைவர்களின் வாழ்வும் பணியும்' என்று ஒரு நூல் எல்லா மண்டலங்களிலும் வரவேண்டும் என்று தலைமையகம் சுற்றறிக்கை விட்டிருந்தது. இப்போதெல்லாம் அதுதான் நாகரிகம். பக்கத்து மண்டலத்தின் நூல் இரண்டு கிலோ எடையாம். ஒவ்வொரு தலைவருக்கும் பதினோரு கட்டங்கள். பெயர், பிறப்பு, படிப்பு, பயிற்சி, மாறுதல்கள் என்று பத்துக் கட்டம் நிரம்பிவிட்டது. பதினோராவது கட்டத்தில்தான் வண்டி நின்றுவிட்டது. அதன் தலைப்பு வீரச்செயல்.

"காலியா விட வேண்டியதுதானே?"

"எந்தக் கட்டமும் காலியா இருக்கக் கூடாதுன்னு விதி."

"இல்லைன்னு எழுதுங்க."

"இல்லைன்னும் எழுதக் கூடாதுன்னு திருத்த விதி. நம்ம மண்டலத்துல என்ன அண்ணே நடந்திருக்கு? கொள்ளைக்காரன் உண்டா, கடத்தல்காரன் உண்டா? திருடனே பக்கத்து மண்டலத்துலேருந்துதான் வந்துட்டுப் போவான். நாற்பது வருஷத்துல ஏழு தலைவருக்கும் சேர்த்து இருந்தது நீங்க ஒருத்தர்தான்."

"என் வழக்குக் கட்டெல்லாம் உங்ககிட்டதானே இருக்கு?"

"லாயத்துல வச்சிருந்தோம். கூரை ஒழுகிக் கூழாப் போச்சு. உங்ககிட்ட எல்லாம் பத்திரமா இருக்கும்னு தெரியும்."

இருந்தது. கைது ஆணை, நீதிமன்றச் சீட்டு, ஐந்து முகங்கள் வரைந்த படிவத்தின் நகல் எல்லாம் வருடவாரியாகத் தகரப்பெட்டியில் இருந்தன. எதிர்காலச் சந்ததிக்காக வைத்திருந்தேன். சந்ததி உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பா, சான்றிதழ்" என்று உதட்டை மட்டும் அசைத்தது.

பேரம் படிந்தது. காவல்துறையின் வரலாறு என்னிடம் இருந்தது. என் மகளின் நடத்தை அவர்களிடம் இருந்தது. மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

ஒரு வாரத்தில் எழுத்தர் முதல் பிரதியோடு வந்தார். படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது.

"என்னய்யா இது? 'நானூறு பேர் கொண்ட கும்பலுடன் குழாயைத் தகர்க்க முயன்றான்'. நானும் தையற்காரரும் மட்டும்தானே போனோம்? அவரும் பாதியில திரும்பிட்டாரே?"

"ரெண்டு பேரை அடக்கினா வீரம் ஆகுமா அண்ணே?"

"கூர்முனை ஆயுதம்னு போட்டிருக்கு. அது குடை."

"முனை இருந்துச்சா இல்லையா?"

இருந்தது. உண்மையை மறுத்து எனக்குப் பழக்கமில்லை.

எழுத்தர் போனபின் அந்தப் பிரதியை மறுபடி படித்தேன். நாற்பது வருடமாக எந்தப் பத்திரிகையும் என்னைப் பற்றி நான்கு வரி எழுதியதில்லை. துண்டறிக்கைகளை நானே எழுதி, நானே அடித்து, பெரும்பாலும் நானே படித்தேன். இங்கே பாருங்கள், அரசாங்கமே தன் செலவில் எழுதுகிறது: 'மக்களைக் காந்தமென ஈர்த்தவன்', 'அஞ்சா நெஞ்சன்', 'இவன் பெயர் கேட்டால் அலுவலகங்கள் கதவடைக்கும்'. கடைசி வரி உண்மை. நான் போனால் அப்படித்தான் அடைப்பார்கள். மூன்றாம் முறை படிக்கும்போது என் கையில் பேனா இருந்தது.

மறுவாரம் எழுத்தரிடம் சொன்னேன். "நானூறு போதாதய்யா. ஆயிரம்னு போடுங்க. பேருந்து விஷயத்துல ஐயாயிரம்."

"பேருந்து நிறுத்தம் அவ்வளவு தாங்குமா அண்ணே?"

"முனைவரோட ஆராய்ச்சிப்படி கூட்டம்கிறது மனநிலை. என் மனநிலை அன்னைக்கு ஐயாயிரம் இருந்துச்சு."

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

செய்தி ஓய்வுபெற்ற தலைவர்களுக்குப் போய்விட்டது. குதிரைக்காரருக்கு ஆயிரம் பேர் என்றால் எனக்கு ஏன் எண்ணூறு என்று மருமகன் கடிதம் போட்டார். ஓட்டக்காரர், என்னைப் பன்னிரண்டு மைல் துரத்திப் பிடித்ததாகத் தன் கையாலேயே எழுதி அனுப்பினார். உண்மையில் என் வீட்டு நாற்காலியில் வைத்துத்தான் பிடித்தார். கவிஞர், என்னோடு நடத்திய போரை நூற்றிருபது வரிகளில் பாடியிருந்தார். புன்னகை, ஆறு துப்பாக்கிகளுக்கு நடுவே சிரித்தபடி நடந்துவந்து என்னைப் பிடித்தாராம். அந்த ஆறு துப்பாக்கிகளும் என்னுடையவையாம். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகும் என்பார்கள். இங்கே கட்டெறும்பு வளர்ந்து கழுதையாகி, குதிரையாகி, லாயத்தை இடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

மகள் பிரதியைப் புரட்டிப் பார்த்தாள். "அப்பா, இவ்வளவு பயங்கரமான ஆளோட மகளுக்கு நன்னடத்தைச் சான்று எப்படிக் குடுப்பாங்க?"

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். துப்பாக்கிகளை எண்ணிக்கொண்டிருந்ததில் தோன்றவில்லை.

இருபத்தைந்தாம் தேதி எழுத்தர் வந்தார். வழக்கத்தைவிட அகலமாகச் சிரித்தார். விஷயம் மோசம் என்று புரிந்துகொண்டேன்.

"அண்ணே, இப்போ இருக்கிற ஐயாவுக்கும் பதினோராம் கட்டம் இருக்கே. அவர் உங்களைப் பிடிக்கவே இல்லையே."

"வந்து பிடிக்கச் சொல்லுங்க. வீட்லதான் இருக்கேன்."

"பிடிச்சா ஆறோட ஏழு. ஆறு பேர் பிடிச்சும் அடங்காத ஆளை ஐயாவும் பிடிச்சார்னா அதுல என்ன பெருமை? அதனால ஐயா உங்களை முடிச்சிட்டார்."

"முடிச்சிட்டார்னா?"

"ஒழிச்சிட்டார். எழுத்துலதான் அண்ணே, பயப்படாதீங்க. தலைமையகத்துக்கும் அனுப்பியாச்சு. ஒப்புதலும் வந்தாச்சு. பாராட்டும் வந்தாச்சு."

 நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மேலே சொன்னார். "இதுல உங்களுக்குத்தான் லாபம். ஆள் இல்லைன்னா அவர்மேல வழக்கு இல்லை. வழக்கு இல்லைன்னா நிலுவை இல்லை. நிலுவை இல்லைன்னா பாப்பாவோட சான்றுக்குத் தடை இல்லை. ஒரே ஒரு சடங்குதான் பாக்கி. அந்தப் பகுதி ஆளுங்க அஞ்சு பேர் முன்னால பேரை மூணு தரம் வாசிக்கணும். யாரும் பதில் சொல்லலைன்னா, 'இப்பெயர் கொண்ட எவரும் இப்பகுதியில் இல்லை'ன்னு அஞ்சு பேரும் கையெழுத்துப் போடணும். இருபத்தெட்டு காலைல பத்து மணி. கேமரா உண்டு."

"அப்புறம் நான் யாரு?"

"வீட்லயே இருங்க, யாரு தடுத்தா? பேரைச் சொல்லிக்கிட்டுத் திரியாம இருந்தாப் போதும்."

எழுத்தர் போனதும் மகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"வேணாம்ப்பா. நீங்க இல்லைன்னு எழுதின காகிதத்தை வச்சு நான் மாத்திரை எண்ணிக் குடுக்கணுமா?"

"நாற்பது வருஷம் காகிதத்துல இருந்து என்னம்மா சாதிச்சேன்? கொஞ்ச நாள் இல்லாம இருந்து பார்க்கிறேன்."

"உங்களால பேசாம இருக்க முடியுமா? பேரைக் கேட்டாலே எந்திரிச்சு நிப்பீங்களே."

"இல்லாதவன் எப்படி எந்திரிப்பான்?" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

இருபத்தெட்டாம் தேதி. மண்டல அலுவலகத்தின் பெரிய அறை. சுவரில் ஏழு தலைவர்களின் படங்கள், மேசையில் நூலின் முதல் பிரதி. எடை இரண்டரைக் கிலோ என்று வாசலிலேயே ஒரு காவலர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் மகள், மடியில் பையோடு. முன்வரிசையில் சாட்சிகள்: தையற்காரர், முடிதிருத்துபவர், பூட்டுக் கடைக்காரர், தெருமுனைத் தேநீர்க் கடைக்காரர். எங்கள் தெருவுக்குக் குழாய் திரும்பி வந்ததும், பேருந்து மறுபடி ஓடியதும் என்னால்தான் என்று வாரம் ஒருமுறை என்னிடம் சொல்பவர்கள். நான் உள்ளே வந்ததும் நால்வருக்கும் ஒரே சமயத்தில் கூரையில் ஏதோ தெரிந்தது.

ஐந்தாவது சாட்சியான சைக்கிள் கடைக்காரர் வரவில்லை. வயிற்றுப்போக்கு என்று சொல்லியனுப்பியிருந்தார். மனசாட்சி சிலருக்கு அந்த வழியாகத்தான் வெளியேறும்.

மணி பத்தரை ஆயிற்று. படக்காரர் இரண்டு முறை கைக்கடிகாரத்தையும் ஒருமுறை கேமராவையும் பார்த்தார். "என்னய்யா, அஞ்சு பேர்னு சொன்னே?"

எழுத்தர் அறை முழுக்கக் கண்ணை ஓட்டினார். என்மேல் வந்து நின்றது. அருகில் ஓடிவந்து குனிந்தார். "அண்ணே, ஆள் குறையுது. நீங்க உட்காருங்க."

"நானா? என்னைப் பத்தி நானே சாட்சி சொல்லவா?"

"இந்தப் பகுதியில அவரை உங்களைவிட நல்லாத் தெரிஞ்சவங்க யாரு இருக்கா? நேரமாகுது அண்ணே. பாப்பாவை நினைச்சுப் பாருங்க."

போய் உட்கார்ந்தேன். தையற்காரர் ஒரு அங்குலம் நகர்ந்து இடம் கொடுத்தார். எழுத்தர் பழக்கதோஷத்தில் சாட்சிப் பதிவேட்டில் விறுவிறுவென்று எழுதிக்கொண்டார். ஆறு வழக்குகளில் என் பெயரை எழுதிய கை அது. அதற்கு யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை.

படக்காரர் எழுந்தார். தொண்டையைச் செருமி, கேமராவைப் பார்த்து, என் பெயரை வாசித்தார்.

 முடிதிருத்துபவர் தன் நகங்களை ஆராய்ந்தார்.

இரண்டாம் முறை வாசித்தார். தையற்காரரின் கைகள் கைதட்டுவதற்காகத் தாமாகவே உயர்ந்தன. நாற்பது வருடப் பழக்கம். பாதியில் நினைவு வந்து, கொசு அடிப்பதுபோல் முடித்துக்கொண்டார்.

மூன்றாம் முறை வாசித்தார். என் முழங்கால் எழப் பார்த்தது. ஓட்டக்காரர் கெடுத்த அந்த இடது முழங்கால்தான். இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். வாயை மூடியிருந்தேன். பின்னால் மகளின் பை கீழே விழுந்த சத்தம் கேட்டது. திரும்பவில்லை.

"யாரும் இல்லை" என்றார் படக்காரர் மனநிறைவோடு. "இப்பேர்ப்பட்ட ஆளையே இல்லாமப் பண்ணியிருக்கோம்." ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம். என் கையெழுத்தை நான் மாற்றவில்லை. யாரும் பார்க்கவுமில்லை. மகளைக் கூப்பிட்டுச் சான்றிதழைக் கொடுத்தார். படத்துக்காக இரண்டு முறை வாங்கி மறுபடி கொடுத்தார். மணி பதினொன்று ஐந்து. மருத்துவமனைக்கு நடந்தே போய்விடலாம். அவள் போகாமல் கதவருகில் நின்றாள்.

"ஐயா, கடைசியா ஒண்ணு" என்றார் எழுத்தர். "சாட்சிகள் வந்ததுக்கு அத்தாட்சியா அவங்க பேரையும் வாசிக்கணும். விதி."

"வாசி."

பதிவேட்டைத் திறந்து தையற்காரர் பெயரை வாசித்தார். "இருக்கேங்க." முடிதிருத்துபவர். "இருக்கேன்." பூட்டுக் கடை, தேநீர்க் கடை. இருந்தார்கள். ஐந்தாவது வரிக்கு வந்ததும் எழுத்தரின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. புன்னகையிடம் பயிற்சி பெற்ற நாளிலிருந்து அன்றுதான் அவர் முகத்தில் சிரிப்பு இல்லாததைப் பார்த்தேன்.

"என்னய்யா முழிக்கிறே? அஞ்சாவது சாட்சிக்குப் பேர் இல்லையா?"

"இருக்குங்க ஐயா."

"அப்புறம் என்ன? இல்லாதவன் பேரை நான் மூணு தரம் வாசிச்சேன். இருக்கிறவன் பேரை ஒரு தரம் வாசிக்க உனக்கு வாய் வலிக்குதா?"

எழுத்தர் வாசித்தார். அப்பா பெயரோடு, தெருப் பெயரோடு, ஒரு எழுத்து விடாமல்.

எழுந்தேன். "இருக்கிறேன்!" என்றேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சுவரில் குதிரைக்காரர் படம் லேசாகச் சாய்ந்தது.

நான்கு சாட்சிகளும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சற்றுமுன் அதே பெயரை மூன்று முறை வாசித்தவர், பட்டியலில் ஐந்துக்கு நேராக ஒரு கோடு போட்டார். நாற்பது வருடம் நான் ஊருக்கெல்லாம் கேட்கும்படி ஒலித்த பெயர். அது யார் காதிலும் ஏறவில்லை. கதவருகில் நின்றவள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

"நல்ல குரல் பெரியவரே" என்றார் படக்காரர். பிறகு கேமராக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "விழுந்துச்சா?"

"இல்லீங்க ஐயா. சான்று குடுத்ததும் நிறுத்திட்டேன்."

"அப்போ நடக்கவே இல்லைன்னு ஆயிடும். ஓட விடு." எழுத்தரிடம் கையை ஆட்டினார். "எல்லாரும் நல்லாக் கேளுங்க. ம், மறுபடி வாசி."

எழுத்தர் பதிவேட்டைத் தூக்கிப் பிடித்து, கேமராவைப் பார்த்துச் சிரித்து, நாங்கள் ஐந்து சாட்சிகளும் கேட்க, என் பெயரை வாசித்தார்.